கொல்லையில் ஓர் அளவு

பக்கத்து வீடு நான்கு மாடியாக எழும்பியதிலிருந்து தையல்காரரின் கொல்லையில் வெயில் விழுவதில்லை. மனைவி இறந்த மறுவாரம் அங்கே ஒரு நந்தியாவட்டைக் கன்றை நட்டார். மூன்றே வருடத்தில் அது ஆளுயரப் புதராகி, நிழலிலேயே வெள்ளை வெள்ளையாகப் பூத்துத் தள்ளியது.

பேச ஆளில்லாத வீட்டில் பொழுது போகவேண்டுமே. ஞாயிறுதோறும் டேப்பை எடுத்துப்போய்ச் செடியை அளந்தார். உயரம் அறுபத்தோரு அங்குலத்தில் நின்றது. அப்புறம் ஆறு மாதமாக அசையவில்லை. மேல்கிளைகளின் அகலம் பதினாலரை. அந்தத் தோளுக்கு முப்பது வருடம் துணி வெட்டிய கை அவருடையது.

மகளைப் போனில் கூப்பிட்டார்.

"அம்மா அளவும்மா. அப்படியே இருக்கு."

"அப்பா, பேசாம இங்க வந்துடுங்க. தனியா இருந்தா இப்படித்தான்."

"செடிக்கு யாரு தண்ணி ஊத்துறது?"

மறுநாள் மெஷினைத் தூசி தட்டி, ஊதா நிறத்தில் ஒரு முழுக்கைச் சட்டை தைத்தார். சாயங்காலம் அதைக் கிளைகளின்மேல் மாட்டினார். தோள் கச்சிதமாக உட்கார்ந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று மாடிகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, பொத்தான் போடாமலே உள்ளே வந்துவிட்டார்.

காலையில் ஐந்து பொத்தான்களும் போட்டிருந்தன. வலது கை கொஞ்சம் நீளமோ என்னவோ, அதை மட்டும் ஒரு மடிப்பு மடித்துவிட்டிருந்தது.

தையல்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊசியில் நூலைக் கோத்தார்.