டெல்பின் நின்ற வாசல்

ஜெயிலிலிருந்து வந்த டெல்பினுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. மூடிய கதவைத் தொடமாட்டாள். யாராவது திறக்கும்வரை அதன் முன்னால் கைகட்டி நிற்பாள். இத்தனை வருடம் அவளுக்குக் கதவைத் திறந்தவர்கள் வார்டர்கள்தானே.

பாலக்கரையில் அவள் அம்மா விட்டுப்போன வீடு அவளுக்கும் தம்பி பெனடிக்ட்டுக்கும் பொது. அவள் வருகிறாள் என்றதும் அவன் அந்தக் காலி வீட்டுக்குப் பெரிய பூட்டாகப் போட்டுவிட்டான். தண்டனை பெற்றவளுக்குப் பங்கில்லையாம். அவனே இயற்றிய சட்டம். டெல்பின் வாசலில் வந்து நின்றாள். தெருவே கூடிவிட்டது. நான் குழம்பை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

"யாரு வந்து தொறப்பாங்கக்கா? இங்க வார்டர் இல்லையே!" என்று பெனடிக்ட் சிரித்தான்.

காலி வீட்டுக்குள் தாழ்ப்பாள் விலகும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பூட்டு கழன்று படியில் விழுந்தது. கதவு திறந்தது. டெல்பின் யாருக்கோ "தேங்க்ஸ்" சொல்லிவிட்டு உள்ளே போனாள். பெனடிக்ட் கையில் சாவியோடு நின்றான். அவன் திறந்தது வாயை மட்டும்தான்.

அதன்பிறகு தெருவில் எந்தக் கதவும் அவளைக் காக்கவைப்பதில்லை. என் வீட்டுக் கதவும்தான், எத்தனை தடவை தாழிட்டாலும்.

இன்று காலை நல்ல புடவை கட்டிக் கிளம்பினாள்.

"எங்க டெல்பினு?" என்றேன்.

"ஜெயிலுக்குக்கா. கோர்ட்டு ஜாமீன் குடுத்தும் கையெழுத்துப் போட ஆளில்லாம, என்கூட இருந்த சுராயா உள்ளயே கெடக்கா. சும்மா அந்த ஜெயில் கேட்டு முன்னாடி நின்னுட்டு வரேன்."

நானும் அதே பஸ்ஸில் ஏறிவிட்டேன். இதோ, பெரிய கேட் முன்னால் அவள் கைகட்டி நிற்கிறாள். காவலுக்கு நிற்பவர் பூட்டைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்.