ஜன்னலில் கட்டிய காற்று

"துறுதுறுப்பான சிறுமியைக் 'காற்று'ன்னு சொல்றது உருவகம். 'அணில்போல் ஏறினாள்'ங்கிறது உவமை," என்று மேடையில் நின்று ஒரு கவிதையை விளக்கினாள் தபதி டீச்சர்.

அந்தக் கவிதையை எழுதிய ஷர்மிஷ்டாவே முன்வரிசையில் இருந்தார். எந்தப் பள்ளி அழைத்தாலும் போகாதவர், கொல்கத்தாவின் இந்தப் பள்ளிக்கு மட்டும் தானாகக் கேட்டு வந்திருந்தார். பக்கத்தில் அமர்ந்திருந்த பள்ளி நிர்வாகியிடம் அவர் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும், தலைமையாசிரியைப் பதவி தபதிக்குத்தான்.

"'காற்றை ஜன்னல் கம்பியில் கட்டிய சூனியக்காரி'ன்னு வருதே, அது?" என்று கேட்டார் ஷர்மிஷ்டா.

"அது உயர்வு நவிற்சி. நிஜத்துல எவளாவது குழந்தையைக் கட்டிப்போடுவாளா?"

"கட்டியிருந்தா?"

"அவளைப் பிள்ளைங்க பக்கத்துலயே விடக்கூடாது!"

மாணவிகள் கைதட்டினார்கள். ஷர்மிஷ்டா மேடையேறி, தபதியை 'மாஷி', அதாவது சித்தி என்று அழைத்தார்.

"ஷர்மிஷ்டாங்கிறது ஊருக்குச் சொல்ற பேரு, மாஷி. வீட்டுல கூப்பிடுற பேரு சொன்னாத்தான் உங்களுக்குத் தெரியும். நான் மாம்பி. பக்கத்து வீடு. அம்மா வேலைக்குப் போறப்ப உங்ககிட்டதானே என்னை விட்டுட்டுப் போவாங்க?"

தபதி கையிலிருந்த கவிதைப் புத்தகத்தை மூடினாள்.

ஷர்மிஷ்டா நிர்வாகியிடம் திரும்பினார்.

"நான் நடந்ததைத்தான் எழுதினேன், ஐயா. அந்தச் சூனியக்காரியை என்ன செய்யணும்னு டீச்சரே சொல்லிட்டாங்களே!"