முழு பவர்

“மருமகள்னெல்லாம் பாக்க மாட்டேன். பவரைக் கூட்டு!” ஆய்வுக்கூட இயக்குநர் சீறினார்.

“கூட்டினா லேசர் போற வழியில காத்து சூடாகி, கதிரையே சிதறடிச்சிடும் மாமா. நேத்து முழு பவர்ல சுட்டப்ப இரும்புத் தகடு கறுத்ததோட சரி. பாதியா குறைங்க, ஓட்டை விழும்.”

“எனக்கே பாடமா? இன்னொரு வார்த்தை பேசினா வேலை காலி!”

சோதனையைப் பார்க்க மைதானத்துக்கு வந்திருந்த விருந்தினர்கள் முன்னால் அவரே பவர் குமிழைக் கடைசிவரை திருகினார். மைதானத்தின் மறுகோடியில் இருந்த இரும்புத் தகட்டில் பொசுக்கென்று ஓட்டை விழுந்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

“பாத்தியா? முழு பவர்!” என்று மார்தட்டினார்.

அவள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“பாதி பவர், மாமா. எவ்வளவு திருகினாலும் அதுக்கு மேல போகாதபடி காலையிலயே மாத்தி வச்சிட்டேன். இப்ப என்னை வேலையை விட்டுத் தூக்குங்க, பாக்கலாம்!”