வளைவின் பின்பக்கம்

போரில் பேர் வாங்கிய வீரர் ஒருவர் வருகிறார் என்று ஊர் எல்லையில் அலங்கார வளைவு கட்டினார்கள். முன்பக்கம் தங்க எழுத்தில் ‘வருக வருக’. ஊரைப் பார்த்த பின்பக்கம், மிஞ்சிய பெயிண்டில், ‘நன்றி, மீண்டும் வருக’.

“வர்றவர் என் முகத்துலதான் முழிக்கணும். உன்னை யாரு படிக்கப்போறா?” என்றது முன்பக்கம்.

பின்பக்கத்துக்கும் அந்தக் கவலைதான்.

வீரர் வந்தார். வேட்டு, மேளம், கண்ணை மறைக்கிற அளவுக்கு மாலைகள். அப்படியே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

“என்னைப் படிச்சாரா?” என்று முன்பக்கம் மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

நாலாம் நாள் காலையில் வீரர் மறுபடியும் போர்முனைக்குக் கிளம்பினார். கையில் ஒரு தகரப்பெட்டி. வழியனுப்ப ஒருவரும் இல்லை. வளைவுக்கு இந்தப் பக்கமே நின்று, அண்ணாந்து, பின்பக்கத்தை நிதானமாக இரண்டு தடவை படித்தார். முகம் மலர்ந்தது. அதனிடம் ஏதோ சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

“என்னய்யா சொல்லிட்டுப் போறார்?” என்றது முன்பக்கம்.

“போயிட்டு வரேன்னார்” என்றது பின்பக்கம்.