மோகனாக்காவின் பெடல்

சாப்பாட்டு பெல் அடித்து, ஆம்பூர் ஷூ கம்பெனியின் தையல் லைன் ஓய்ந்திருக்கிறது. மூன்று வருஷம் இங்கே தைத்த தமிழினி, இன்று ராப் பாடகியாக, பாட்டைப் பதிவு செய்ய மைக்கும் ரெக்கார்டருமாக வந்திருக்கிறாள். கூரையில் பதித்த கண்ணாடி ஷீட் வழியே இறங்கும் வெயிலில் தோல்தூசி மினுங்குகிறது. "நீ மெதுவா தைச்சிக்கிட்டே இரு, அக்கா. அது மேலயே பாடறேன்." பக்கத்து மிஷினில் அவளோடு வேலை பார்த்த மோகனாக்கா, டிபன் பாக்ஸை மூடிவிட்டு ஒரு கறுப்புத் தோலை ஊசிக்கடியில் வைக்கிறாள். மிஷின் டக்டக்கென்று நடை போட, வார்த்தைகள் அதன்மேல் ஏறிக்கொண்டு ஓடுகின்றன. நான்காவது வரியில் சூப்பர்வைசர் ஜெயப்பிரகாஷ், பாட்டைக் கேட்கத்தான், கதவருகே வந்து நிற்கிறார். அவரைக் கண்டதும் மோகனாக்காவின் கால் தன்னால் பெடலை அழுத்துகிறது. மிஷின் இரைகிறது, பாட்டு அதற்குள் முழுகிப்போகிறது. வேலைநேரத்தில் தமிழினி பாடிப் பழகிய அந்த மூன்று வருஷமும், சூப்பர்வைசர் காதில் விழாமல் அக்கா அவள் குரலை இப்படித்தான் மறைத்தாள். இப்போது சட்டென்று காலை எடுத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். "பழக்கதோஷத்துல கெடுத்துட்டன் பாரு. அழிச்சிட்டு இன்னொரு வாட்டி எடு." தமிழினி ரெக்கார்டரை அணைக்காமலே சொல்கிறாள்: "இந்தச் சத்தம் இல்லன்னா என்னை அன்னிக்கே வெளிய அனுப்பியிருப்பாங்க, அக்கா. இது பாட்டுல இருக்கட்டும்."