நான்காவது போல்ட்

பட்டறையில் நின்ற பழைய பிரசார வேனுக்கு எஞ்சினை மாற்றிக்கொள்ளும் ஆசை வந்துவிட்டது. அதன் கிழட்டு எஞ்சின் ஓயாமல் புகை கக்கியது. மேடு வந்தால் மூச்சு வாங்கியது.

"நீ உள்ளே வர என்ன செலவாகும் தம்பி?" என்று சங்கிலியில் தொங்கிய புது எஞ்சினைக் கேட்டது.

"என் விலை கம்மிதான், பெரியவரே. ஆனா உங்க சட்டத்தை அறுத்து வெல்டிங் வைக்கணும். கியர்பாக்ஸ் சேராது, ரேடியேட்டர் பத்தாது. ஆர்.சி. புத்தகத்துல நம்பர் மாத்த அலையணும்."

"அலையலாம். ஊர்வலத்துக்கு முன்னால நாள் முழுக்க முதல் கியர்லயே ஊர்ந்து போவியா?"

புது எஞ்சின் சிரித்தது. "இப்போ யாரு பெரியவரே நடக்கிறாங்க?"

வேனுக்குச் சுருக்கென்றது. ஆலை வாசலிலிருந்து கலெக்டர் ஆபீஸ் வரை கொடியோடு நடந்த ஆயிரம் பேர் நினைவுக்கு வந்தார்கள். நொண்டி நடந்த ஒருவரைக்கூடப் பின்னால் விட்டுவிடாமல் ஊர்ந்தது இந்தக் கிழட்டு எஞ்சின்தான்.

மெக்கானிக் வந்து மூன்று போல்ட்டுகளைக் கழற்றினார்.

"வரேன் தோழா. நீயாவது நல்லா ஓடு" என்றது பழைய எஞ்சின்.

"வாயை மூடு" என்ற வேன், இருந்த துருவையெல்லாம் கூட்டி நான்காவது போல்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டது.

மெக்கானிக் எண்ணெய் விட்டார், சுத்தியலால் தட்டினார், ஸ்பானரில் குழாய் மாட்டி இழுத்தார். பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இனி இழுத்தா சட்டமே உடைஞ்சிடும். பழசையே வச்சு ஓட்டுங்க" என்று உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, மூன்று போல்ட்டுகளையும் திரும்ப முடுக்கினார்.

சாவியைத் திருப்பியதும், கிழட்டு எஞ்சின் முதல் இழுப்பிலேயே கிளம்பியது.