இயங்கும் நேரம்

ஆறரைக்கு எழுகிறேன். பிரஷ்ஷில் பேஸ்ட் வைக்கிறேன். துலக்கிக்கொண்டே போனில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, கடைசியாக ஆன் ஆனதிலிருந்து எண்ணிவரும் 'இயங்கும் நேரம்' என்ற வரியைப் பார்க்கிறேன். 160 நாள், 22 மணி, 20 நிமிடம். வாய் கொப்பளிக்கிறேன். மாமியாருக்குக் காபி போடுகிறேன்.

தினமும் இதே வரிசைதான். எண் மட்டும் கூடும்.

இன்று ஞாயிறு. பத்து மணிக்கு மச்சான் ஒரு கேமராவோடு வந்தான். போன வாரம் அவன் அம்மா சமையலறையில் வழுக்கி விழுந்து, நான் ஆபீஸிலிருந்து வரும்வரை தரையிலேயே கிடந்தார். இனி போனிலேயே அவரைப் பார்த்துக்கொள்ளலாம்.

கேமராவுக்கு ரவுட்டரில் நிரந்தரமாக ஓர் எண் ஒதுக்க வேண்டும். எங்கள் ரவுட்டர் எட்டுக் கருவிகளுக்கு மேல் ஒதுக்காது. எட்டையும் என் மனைவி நிரப்பியிருந்தாள், ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்டு.

மச்சான் என் தோளுக்கு மேலாகப் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தான். பன்னிரண்டு என்ற எண் ஒதுக்கியிருந்த வரியில் நின்றுவிட்டான். அது அவன் அக்காவின் போன்.

"வேற எதையாச்சும் தூக்குங்க மாமா."

மற்ற ஏழும் உபயோகத்தில் இருந்தன. பன்னிரண்டை அழித்து, அந்த இடத்தில் கேமராவைப் போட்டேன். ஒரு விரல் வேலை.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கல்நெஞ்சக்காரன் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும்.

மாற்றம் நடைமுறைக்கு வர ரவுட்டரை மறுபடி தொடங்க வேண்டும் என்றது திரை. இப்போதா, பிறகா?

'பிறகு' என்பதைத் தொட்டேன்.

அவன் அதற்குள் மேசையடியில் குனிந்து, ரவுட்டரின் சுவிட்ச் மேல் நான் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தான். கையைப் பிடித்தேன். கொஞ்சம் அழுத்தியே பிடித்துவிட்டேன் போல.

"ரெண்டு நிமிஷ வேலை மாமா. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா செத்தா போயிடும்?"

சொல்லிவிட்டுத் தன் கால் விரல்களைப் பார்த்தான்.

டேப் மட்டுமல்ல. மின்சாரம் போனாலும் நிற்காமலிருக்க ரவுட்டருக்குத் தனியாக ஒரு பேட்டரியும் உண்டு. அவள் போன மறுநாளே வாங்கியது. துக்கத்துக்கு வந்தவர்களின் செருப்புகளைத் தாண்டி அந்தப் பெட்டியை உள்ளே தூக்கி வந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கேமராவின் பிளக்கை மட்டும் பிடுங்கினேன். பத்து எண்ணினேன். செருகினேன். அது விழித்துக்கொண்டு ரவுட்டரிடம் எண் கேட்டது. பன்னிரண்டைக் கொடுத்தது ரவுட்டர். ரீபூட் தேவைப்படவில்லை.

போனில் சமையலறை தெரிந்தது. மாமியார் கையில் கரண்டியோடு கேமராவை அண்ணாந்து பார்த்தார். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார்.

"அம்மாவைப் பாத்துக்கோன்னு சொல்லிட்டுல்ல போனா. அதான் மாப்பிள்ளை இந்தப் பாடு படுறார்," என்றார் மகனிடம்.

யார் வந்தாலும் இதைச் சொல்வார். சொன்ன பிறகு இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடுவார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, மகள் கடைசியாக என்ன சொன்னாள் என்று அவர் கேட்டபோது, நின்ற இடத்தில் நான் கட்டிய வாக்கியம் அது.

போனில் ரவுட்டரின் பக்கத்துக்குத் திரும்பினேன். 161 நாள், 2 மணி, 50 நிமிடம்.

அப்போதெல்லாம் நான் எழுவதே எட்டு மணிக்கு. அவள் போன அன்று காலை நெட் வரவில்லை. எட்டு பத்துக்கு ஹாலில் சுவிட்ச் இரண்டு முறை தட்டும் சத்தம். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே வாசலிலிருந்து அவள் குரல் கொடுத்தாள். என் வாய் நிறைய நுரை. பதில் சொல்லவில்லை.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிருக்கேன். நெட் வந்துச்சான்னு பாத்துச் சொல்லு."